துண்டு போட்ட இடம்

1

போன மாதம் மெல்பர்னில் என் கைக்குட்டையைக் கைது செய்தார்கள்.

நடந்தது இதுதான். நானும் என் மனைவி ஷீலாவும் நகரத்துக்குள் ஒரு டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. எங்கள் வீடு ரயில் பாதையின் கடைக்கோடியில், வண்டி கிளம்புகிற ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஷீலாவுக்கு மூட்டுவலி, மெதுவாகத்தான் வருவாள். நான் முன்னால் போய் ஒரு ஜன்னலோர இருக்கையில் கைக்குட்டையை விரித்துப் போட்டுவிட்டு, அவளைக் கைப்பிடித்து ஏற்றுவதற்காக இறங்கினேன். திரும்பி வருவதற்குள் ஆரஞ்சுச் சட்டை போட்ட ரயில்வே பையன் ஒருவன், கையுறை மாட்டிக்கொண்டு, அதை இரண்டு விரலால் தூக்கி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். பெட்டியில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. எல்லா இருக்கையும் காலி.

"அது என்னுடையது" என்றேன்.

"தொலைத்துவிட்டீர்களா?"

"தொலைக்கவில்லை. போட்டேன்."

"கீழே போட்டுவிட்டீர்களா?"

"இல்லையப்பா, இடம் போட்டேன்."

இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், என் கஷ்டம் தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த நாட்டில் சம்பாதித்து, வரி கட்டி, கிரிக்கெட்டில்கூட வெட்கமில்லாமல் இவர்கள் பக்கம் கைதட்டப் பழகிய எனக்கு, அந்த நேரத்தில் "ஐ புட் பிளேஸ்" என்றுதான் வாயில் வந்தது. பையன் என்னைக் கனிவோடு பார்த்தான். ஞாபகம் தப்ப ஆரம்பித்த கிழவர்களைப் பார்ப்பதற்கென்று இவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கிடைத்த பொருள் கிடைத்த பொருள்தான், விதி விதிதான் என்று சொல்லி, பையை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நானும் விடவில்லை. இரண்டு நாள் கழித்து நகரத்தில் இருக்கிற தொலைந்த பொருள் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேள்வி கேட்டார். நிறம் என்ன, எந்தப் பெட்டி, அடையாள அட்டை இருக்கிறதா. கடைசியாக, இந்தப் பொருளோடு உங்களுக்கு உணர்வுபூர்வமான தொடர்பு ஏதாவது உண்டா என்றார். மூக்குபூர்வமான தொடர்புதான் உண்டு என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஒரு கைக்குட்டைக்கு நாலு கையெழுத்துப் போட்டு, ஜாமீனில் எடுத்துக்கொண்டு வந்தேன்.

என் மகள் நிஷாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அப்பா, ஹவ் எம்பாரசிங்! காலி டிரெயின்ல யாராவது சீட் பிடிப்பாங்களா?" என்றாள்.

பிடிப்பார்கள். இது எங்கள் வீட்டில் பரம்பரையாக வருவது.

2

என் அப்பா செல்லதுரை, தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் போய், பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில், பார்சல்களுக்கு முகவரி எழுதி அனுப்புகிற டெஸ்பாட்ச் கிளார்க்காக வேலை பார்த்தவர். சாயங்காலம் திரும்பி வந்து, காபியைக் குடித்த கையோடு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாணவர்களுக்கு டைப் அடிக்கச் சொல்லிக்கொடுப்பார். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ், மீதி அரை நாள் வீட்டுக் கிணற்றுக்குத் தூர் வாருவது, கூரைக்கு ஓடு மாற்றுவது. ஞாயிற்றுக்கிழமை கோயில். எங்களைப் போன்ற புராட்டஸ்டண்டுகள் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஓய்வு என்பது அவருக்கு அடுத்த வீட்டுத் தீபாவளி மாதிரி. வாழ்த்துவார், கொண்டாட மாட்டார்.

அவர் கல்லறையில் "கடின உழைப்பாளி, குடும்பத்தை உயிராக நேசித்தவர்" என்று பொறித்திருக்கிறது. பக்கத்துக் கல்லறையிலும் அதேதான். அதற்கடுத்ததிலும் அதேதான். கல் கொத்துகிறவரிடம் ஒரே வாசகம்தான் இருந்ததோ என்னவோ. அந்தக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வந்தால், தாம்பரத்தில் சோம்பேறிகள் சாவதே இல்லை என்கிற முடிவுக்குத்தான் வர முடியும்.

அந்தக் கல்லைப் பற்றித்தான் இப்போது பிரச்சினை.

கைக்குட்டை ஜாமீனில் வந்த அதே வாரம், தாம்பரத்திலிருந்து என் தங்கை கிரேஸ் போன் பண்ணினாள். கிரேஸ் ரிட்டையரான பள்ளித் தலைமை ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில், ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள்.

"அண்ணா, கல்லறைத் தோட்டத்துல இடமே இல்லையாம். கமிட்டியில சொல்லிட்டாங்க. குடும்பக் கல்லறை வெச்சிருக்கிறவங்க, இன்னும் ஆள் வைக்க இடம் இருந்தா, யாருக்குன்னு ஈஸ்டருக்குள்ள பேர் கொடுக்கணுமாம். கொடுக்கலைன்னா மேல கான்கிரீட் போட்டு மூடிருவாங்களாம்."

"நம்மளதுல இடம் இருக்கா?"

"அடியில அம்மா. அதுக்கு மேல அப்பா. அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. அப்பா உனக்குத்தான் அதைப் போட்டு வெச்சிருக்காரு. உன் பேரையே கொடுத்துடட்டுமா? கேட்டுட்டுக் கொடுக்கலாம்னுதான்."

காய்கறிக்காரரிடம் பை நீட்டுகிற குரலில் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். எங்கே புதைப்பது என்பதை யோசித்துச் சொல்கிற வயசு எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

3

இடம் போடுவது என்றால் என்னவென்று தெரியாத இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் விளக்கம்.

அறுபதுகளில் தாம்பரத்துக்காரர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. மின்சார ரயில் எங்கள் ஊரில்தான் கிளம்பும். குரோம்பேட்டைக்காரன் நின்றுகொண்டு வருவான், பல்லாவரத்துக்காரன் தொங்கிக்கொண்டு வருவான், நாங்கள் உட்கார்ந்துகொண்டு போவோம். எங்களில் பாதிப் பேருக்குச் சொந்த வீடு கிடையாது, ஆனால் சொந்த சீட் உண்டு.

அந்தச் சீட்டைப் பிடிப்பதில் என் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. பீச்சிலிருந்து வருகிற வண்டி பிளாட்பாரத்தில் நுழைந்து, இன்னும் நிற்காமல் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, கூடவே நடந்து, ஜன்னல் வழியாகத் துண்டை உள்ளே வீசுவார். வெள்ளைத் துண்டு, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது. அது வேறெங்கும் விழாது, அவர் நினைத்த பலகையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவருக்கு ஒரு இடம். கூட வருகிற நண்பருக்கு ஒரு இடம். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பட்டணத்துக் கல்லூரியில் சேர்ந்தபின் எனக்கு ஒரு இடம். மூன்றுக்கும் அந்த ஒரே துண்டு போதும், அத்தனை நீளம்.

ரயிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரேஷன் கடையில் முதல் நாளே எங்கள் வீட்டுப் பை, மேலே ஒரு செங்கல்லோடு, வரிசையில் உட்கார்ந்திருக்கும். கிரேஸை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க, பள்ளிக்கூட வாசலில் விடிகிறதற்கு முன்பே அப்பாவின் செருப்பு நிற்கும். செருப்பு மட்டும். அப்பா எதிர் டீக்கடையில் வெறுங்காலோடு. தாம்பரத்தில் எந்த வரிசையிலும் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு பொருள் முன்னால் இருந்தது. எனக்கு அது மானக்கேடாக இருந்தது. மற்ற பையன்களுக்கெல்லாம் அப்பா வருவார், எங்களுக்கு அப்பாவின் சாமான்கள் வந்தன.

கிறிஸ்துமஸ் அன்று உச்சகட்டம். எங்கள் கோயிலில் விடியற்கால ஆராதனைக்குக் கூட்டம் தாங்காது. அப்பா எங்களுக்கெல்லாம் முன்னால் போய், ஒரு முழுப் பெஞ்சில் அம்மாவுக்குப் பாட்டுப் புத்தகம், கிரேஸுக்கு வேதப் புத்தகம், எனக்குக் குடை என்று வரிசையாக வைத்திருப்பார். ஒரு வருஷம் நான் தூங்கிவிட்டேன். அம்மாவும் கிரேஸும் வந்தாகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டிருக்கிறார், என் குடை சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கோயிலைப் பெருக்கி, மணி அடித்து, எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, அப்பாவிடம் வந்து குனிந்தார்.

"செல்லதுரை சார், குடை ஆராதனை பண்ணுமா?"

"முதல் பாட்டு ஆரம்பிக்கிற வரைக்கும் பொறுங்க" என்றாராம் அப்பா.

முதல் பாட்டு ஆரம்பித்தது. அப்பா எழுந்து, குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெரிய மனிதரை உட்காரச் சொன்னார். நான் அரைத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது வாசலுக்கு வெளியே பனியில்தான் இடம். ஆராதனை முடிந்ததும் அப்பாவிடம் சண்டை போட்டேன். அவர் குடையை என் கையில் கொடுத்துவிட்டு, ஹேப்பி கிறிஸ்துமஸ் என்றார்.

4

அப்பாவிடம் அப்படி ஒரு சட்டம் இருந்தது. ஆள் வருகிற வரை பிடித்து வைக்கலாம், ஆனால் வண்டி நகர்ந்தால் துண்டை எடுத்துவிட வேண்டும். "அதுக்கு மேல பிடிச்சு வெச்சா அது திருட்டு" என்பார். கார்டு விசில் ஊதி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்த கணத்தில், துண்டு அவர் தோளுக்குப் போய்விடும். யாருக்காகப் பிடித்தது என்பதெல்லாம் பேச்சே இல்லை.

இந்தச் சட்டத்தின் முழு வேகத்தையும் நான் அனுபவித்தது கல்லூரி இரண்டாம் வருஷத்தில். தலைமுடியை நெற்றியில் சரியாக விழவைக்க எனக்கு அப்போது நிறைய நேரம் தேவைப்பட்டது. நான் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது விசில் ஊதிவிட்டது. ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் தொற்றி, சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஓடி அப்பாவின் பெட்டியில் ஏறினால், என் ஜன்னலோர இடத்தில் ஒரு அம்மாள் மீன்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கூடை காலி, வாசனை மட்டும் முழுதாக இருந்தது.

நடந்ததை அப்பாவின் நண்பர் பிறகு சொன்னார். தாம்பரத்தில் அந்த அம்மாள் ஏறியதும் துண்டைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறாள்.

"யோவ் சாரு, இன்னாயா இது? துண்டு டிக்கெட் எடுத்துகினு வந்து குந்திகினு கீதா?"

"வண்டி நகர்ற வரைக்கும் பொறும்மா. பையன் வருவான்."

"நகந்தா?"

"நகர்ந்தா நீ உட்காரு."

நகர்ந்தது. அப்பா துண்டை எடுத்து, அதே துண்டால் பலகையை ஒரு தட்டுத் தட்டித் துடைத்து, "உட்காரும்மா" என்றிருக்கிறார். பெட்டியே சிரித்திருக்கிறது.

நான் போய் முறைத்துக்கொண்டு நின்றேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த அம்மாள்தான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் எடமா கண்ணு?" என்று கேட்டாள். நான் கலைந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன். "பரவால்ல. நீ நின்னுகினு வா. ஒடம்புக்கு நல்லது" என்றாள்.

கோட்டை வரை நின்றுகொண்டு போனேன். சாயங்காலம் அப்பா இதை வீட்டில் நடித்தே காட்டினார். அம்மா சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு வந்து சிரித்தாள். கிரேஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாருக்கு எது கிடைக்காமல் போனாலும், கடைசி வடையாக இருந்தாலும் சரி, நின்னுகினு வா என்பதுதான் ஆறுதல் வார்த்தை.

5

கிரேஸ் போன் பண்ணிய விஷயத்தை இங்கே குடும்பத்தாரிடம் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். இந்த நாட்டில் இதை "ஹேவிங் த கான்வர்சேஷன்" என்கிறார்கள். சாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வதற்கு நல்ல வார்த்தை.

மகன் ஆலன், "டாட், இப்பல்லாம் மரமாயிடலாம். சாம்பலை ஒரு செடியோட வெச்சிடுவாங்க. லொகேஷன்கூட அனுப்புவாங்க" என்றான். நான் இத்தனை வருஷம் இவனுக்கு என்னவாக இருந்தேனோ தெரியாது, செத்த பிறகாவது நிழல் தருவேன் என்று நம்புகிறான். எந்த மரம் என்றும் கேட்டான். முருங்கை என்றேன். கூகுளில் தேடிவிட்டு, இங்கே குளிருக்கு வராது என்றான்.

நிஷா நடைமுறைக்காரி. உடனே விசாரித்துவிட்டாள். இங்கிருந்து ஒரு உடலை மெட்ராசுக்கு அனுப்ப வேண்டுமானால் டாக்டர் சான்றிதழ், பதப்படுத்திய சான்றிதழ், தூதரகத்து அனுமதி, துத்தநாகப் பெட்டி, எல்லாம் வேண்டும். பாஸ்போர்ட்டை ரத்து செய்ய வேண்டும். நான் வெளிநாட்டுக் குடிமகன் ஆகிவிட்டதால், பிறந்த ஊரில் புதைபட நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. எல்லாம் முடிந்தால் சரக்கு விமானத்தில் மீனம்பாக்கம். டெஸ்பாட்ச் கிளார்க் செல்லதுரையின் ஒரே மகன், தலைப்பக்கம் மேலே என்று அம்புக்குறி ஒட்டிய பார்சலாக ஊர் வந்து சேர்வான். அப்பா இருந்திருந்தால் முகவரியைத் தன் கையாலேயே திருத்தி எழுதியிருப்பார்.

"அப்படிப் போனா நாங்க எப்ப வந்து பூ வைக்கிறது?" என்றாள் நிஷா. பக்கத்துத் தெருவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே அவள் வந்து மூன்று வாரமாகியிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

ஷீலா எல்லாரும் பேசி முடிக்கிற வரை காத்திருந்தாள்.

"ஒரு இடம்தானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப எனக்கு?"

ஆலன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"மாமா எனக்குத் துண்டு போடலையா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தாலும் சிரிப்பாள்.

6

அப்பா போட்ட கணக்கு எனக்குத் தெரியும். போடும்போது நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பத்துப் பதினைந்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா அழுததை நான் பார்க்கவில்லை. அடக்கத்துக்கு முன்னால் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே மாரி என்பவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்பளவு பள்ளத்தில் நின்று, நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, போதுமா சார் என்று கேட்டார்.

"இன்னும் வெட்டு" என்றார் அப்பா.

கழுத்தளவு ஆனது. "இன்னும்" என்றார்.

"இன்னா சார் நீ, ஒரு ஆளுக்கு இம்மாம் பள்ளமா? கெணறா தோண்டிகினு கீறோம்? கொஞ்சம் போனா தண்ணி வந்துரும்."

"ஒரு ஆளுக்கு இல்ல மாரி. இதுக்கு மேல நான் வரணும். எனக்கு மேல இவன் வரணும்." என்னைக் காட்டினார்.

மாரி பள்ளத்துக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். பெல்பாட்டம் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். "தம்பி இப்பத்தான் மீச வெச்சுகினு கீது. அதுக்குள்ளயா?" என்றார்.

"இடம் இருக்கும்போதே போட்டுடணும். அப்புறம் கிடைக்காது" என்றார் அப்பா. ரயில் பிளாட்பாரத்தில் பேசுகிற அதே குரல்.

"அப்ப பாப்பாவுக்கு?" மாரிக்கு கிரேஸைத் தெரியும்.

"அவ கல்யாணமாகிப் போயிடுவா. அவளுக்கு அவ வீட்டுக்காரங்க பார்த்துப்பாங்க."

எவ்வளவு சரியான கணக்கு! மகள் போய்விடுவாள், மகன் இருப்பான். தாம்பரத்தில் அன்றைக்கு எந்த அப்பாவைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். எல்லா வரிசையிலும் முந்தி நின்று எல்லாருக்கும் இடம் பிடித்த மனிதர், இந்த ஒரு இடத்தில் மட்டும் யார் வண்டியில் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தவறிவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் நான் விமானம் ஏறினேன். மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வந்தவர் தோளில் அந்தத் துண்டு இருந்தது. உள்ளே வந்து எனக்கு ஜன்னலோரம் ஒரு சீட் பிடித்துக் கொடுக்க முடியாததில் அவருக்கு வருத்தம். "நம்பர் போட்டுக் கொடுத்துடறாங்களாமே" என்று ஏமாற்றத்தோடு சொன்னார்.

கிரேஸுக்கு வரன்கள் வந்தன. ஒன்று தூத்துக்குடி, ஒன்று பெங்களூர். அப்பாவுக்கு அதற்குள் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. அவரை யாரிடம் விட்டுப் போவது என்று அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட்டாள், பிறகு கேட்பதற்கு ஆள் வரவில்லை. அவரைக் குளிப்பாட்டியது அவள். சோறு ஊட்டியது அவள். ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்த நாட்களில், ரிக்‌ஷாவில் வைத்து பிளாட்பாரம் வரை கூட்டிப்போய், வண்டி கிளம்புவதைக் காட்டிக் கூட்டி வந்ததும் அவள். நான் இங்கிருந்து பணம் அனுப்பினேன், புகைப்படம் அனுப்பினேன், கிறிஸ்துமஸுக்குப் பனி விழும் படம் போட்ட வாழ்த்து அட்டை அனுப்பினேன். இங்கே டிசம்பர் மாதம் கொளுத்தும் வெயில் என்பதை அப்பாவுக்குக் கடைசி வரை சொல்லவில்லை. அவருக்குப் பனிதான் பிடித்திருந்தது.

அவர் இறந்தபோது எனக்கு உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியிருந்தது. கிரேஸ் சொன்னாள், கடைசியில் பேச்சு குழறியது, ஆனாலும் என் பேரைச் சொல்லி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று. மேலே இருக்கிற இடம் எட்வினுக்கு, யாருக்கும் விட்டுடாதே.

அவளிடம் சொல்லியிருக்கிறார்! வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவளிடம். அவளும் சரிப்பா என்றிருக்கிறாள். கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் எனக்கு அப்பாவின் மேல் கோபம் வருகிறது, அந்த மனிதரை இன்னும் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுதான் பேஜார்.

7

ஈஸ்டர் நெருங்கியது. பிற்பகலில், ஷீலா தூங்கும் நேரத்தில், நானே கிரேஸுக்குப் போன் போட்டேன். அங்கே காலை. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"என்னண்ணா, முடிவு பண்ணிட்டியா? நாளைக்குக் கமிட்டி ஆபீஸ் திறந்திருக்கும்."

"நீ முதல்ல சொல்லு. உனக்கு எங்க?"

"எனக்கா?" இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. "எனக்கென்ன. பெரும்பாக்கத்துக்கு அந்தாண்ட புதுசா ஒரு இடம் பார்த்திருக்காங்களாம். இனிமே எல்லாரையும் அங்கதானாம். கிரவுண்ட் நல்லாத்தான் இருக்காம். பஸ் போகுதாம்."

பஸ் போகுதாம். அவளைப் பார்க்க அந்த பஸ்ஸில் யார் ஏறிப் போவார்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையில்லை, குட்டியில்லை. ஒரே அண்ணன், அவனும் உலகத்தின் அடியில் எங்கோ.

அம்மாவும் அப்பாவும் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள் அவள். அங்கே உட்கார்ந்து பிளாஸ்க்கில் கொண்டுபோன காபியைக் குடித்துவிட்டுத்தான் வருவாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் அவள் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். துண்டு கிடக்கிறது, உரியவன் வரவில்லை, எடுக்கச் சொல்லி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவின் பிள்ளைகளிலேயே அப்பாவின் சட்டத்தை மதித்தவள் அவள்தான்.

"கிரேஸ்."

"சொல்லுண்ணா."

"வண்டி நகர்ந்துடுச்சு."

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. அவள் அதை அணைக்கப் போகவில்லை.

"நகர்ந்து ரொம்ப நாளாச்சு. குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் தாண்டிடுச்சு. நான் வரலை. உன் பேரைக் கொடு."

"அப்பா உனக்குன்னு சொன்னாரேண்ணா. விட்டுடாதேன்னு சொன்னாரே. நான் போய்ப் படுத்தா திட்டுவாரு."

"திட்ட மாட்டாரு. அவர் சட்டம்தான் இது. இதுக்கு மேல பிடிச்சு வெச்சா அது திருட்டு."

அழுகிறாள் என்று தெரிந்தது. என் தங்கை அழுது நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. அப்பாவின் சாவுக்குக்கூட அவள் என்னைத்தான் தேற்றினாள். தெரியாத ஊரில், தெரியாத மண்ணில், மரமாகவோ கல்லாகவோ ஷீலாவின் பக்கத்தில் கிடக்கப் போகிறேன் என்பது அந்தக் கணத்தில்தான் எனக்கே உறைத்தது. பயமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.

"நான் எங்க போவேன்னு தெரியலை கிரேஸ்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். ஆயுசு முழுக்க வகுப்பில் சுத்தமான தமிழைத் தவிர வேறெதையும் அனுமதிக்காத தலைமை ஆசிரியை, குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"பரவால்லண்ணா. நீ நின்னுகினு வா. ஒடம்புக்கு நல்லது."